யாரும் எடுத்து எழுதலாம்

மே 17, புதன்

பல் பிடுங்கப் பொள்ளாச்சி போனேன். கீழ்த்தாடையில் வலது பக்கம், கடைசிப் பல். டாக்டர் பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு மணி நேரம் பேசக் கூடாது என்றார். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

வால்பாறை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆதார் நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையால் எழுதி நகல் எடுத்தது. ‘கதை எழுதுகிறீர்களா? யாரிடமும் காட்டியதில்லையா? எங்களிடம் காட்டுங்கள். இரண்டாம் ஞாயிறு, காலை பத்தரை மணி, நூலக மாடி.’ கீழே ஒரு போன் நம்பர். வாயில் பஞ்சோடு அதை மூன்று முறை படித்தேன். கடைக்காரர், “அக்காவுக்கு அதையும் ஒரு காப்பி போட்டுத் தரட்டுங்களா?” என்றார். தலையாட்டினேன்.

இந்த டைரி ஜனவரியில் மருந்துக் கம்பெனி ஆள் கொடுத்தது. நாலரை மாதம் வெறுமனே கிடந்தது. இன்று முதல் எழுதிப் பார்க்கலாம். என் பெயர் திலகவதி. வயது ஐம்பத்து மூன்று. தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் பதினோரு கதைகள் வைத்திருக்கிறேன். ஒருவரும் படித்ததில்லை.

மே 18, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். மாலை வந்தபோது புது சிலிண்டர் மாட்டியிருந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

மே 27, சனி

பத்து நாளாகப் பர்ஸில் வைத்திருந்த நம்பருக்கு இன்று ஆஸ்பத்திரியில் இருந்து போன் செய்தேன். எடுத்தவர் பெயர் கனகசபை. விவசாயத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவராம். “எத்தனை கதை எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். பதினொன்று என்றேன். “அடேங்கப்பா. எங்க அஞ்சு பேரையும் சேர்த்தாலும் அத்தனை வராதுங்களே” என்று சிரித்தார். போனை வைத்த பிறகு இருமல் மருந்து கேட்டு வந்த பெண்ணிடம் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளே, “நா போயிட்டு வரட்டா சிஸ்டர், கொழுந்து எடை போடற நேரம்” என்று கிளம்பிவிட்டாள்.

ஜூன் 11, ஞாயிறு

ஆறரை மணி பஸ். நாற்பது வளைவு. கீழே இறங்க இறங்கக் காது அடைத்துத் திறந்தது.

நூலக மாடியில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு நீள மேசை. ஆறு நாற்காலி, ஒன்று கால் உடைந்தது. கனகசபை சார் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறார். என் பெயரை எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

ரஹமத் என்று ஒரு பெண், முப்பத்தைந்து இருக்கும், தையல் கடை வைத்திருக்கிறாள். பேய்க்கதை மட்டுமே எழுதுவாள். “எங்க வீட்டுல ஒருத்தரும் என் கதைக்கு பயப்பட மாட்டேங்குறாங்கக்கா. இங்க கனகசபை சாராவது பயப்படறாரு” என்றாள். ஜெயசீலன் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. நாற்பது வயது. சட்டைப் பையில் நான்கு பேனா. மற்ற இரண்டு பேரும் இன்று வரவில்லை.

இவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் மாதம் ஒரு கதைக்கருவை மேசையில் வைக்க வேண்டும். வைத்தவர் ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் யாரும் எடுத்து எழுதலாம். “கரு கெட்டுப் போறதுக்கு முன்னால யாராவது சமைச்சுரோணும் பாருங்க” என்றார் கனகசபை சார்.

என் முறை வந்தது. பஸ்ஸில் வரும்போது நான் யோசித்து வைத்திருந்தது ஒரு சிறுத்தையைப் பற்றி. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“ஒரு புருஷன், பொண்டாட்டி. ஒரே வீடு. ஒன்பது வருஷமா ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல. வேணுங்கறத காலண்டர் தாள்ல எழுதி ஒட்டிக்கறாங்க.”

கனகசபை சார் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஜெயசீலன், “யாருங்க நிறுத்துனது?” என்று கேட்டார்.

“அவன்தான்.”

“ஏனுங்க?”

“அது இனிமேதான் யோசிக்கணும்” என்றேன். எஸ்டேட்டில் யாரோ சொல்லிக் கேட்டது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. சாப்பாடு மூடி வைத்திருந்தது. வெண்டைக்காய்ப் பொரியல். எண்ணெய் கூடுதல்.

ஜூன் 12, திங்கள்

சிறுத்தைக் கதையையே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 21, புதன்

ஐந்து நாளாக மழை. ஆஸ்பத்திரி ஓட்டில் விழும் சத்தத்தில் நோயாளிகள் சொல்வது கேட்பதில்லை. சைகையாலேயே மாத்திரை கொடுத்தேன்.

கதை இரண்டு பக்கம் வந்திருக்கிறது. வீட்டை எழுதிவிட்டேன். முன்னறை, நடுவில் சமையலறை, பின்னால் ஓர் அறை. முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். மனைவி பின்னறையில் படுப்பாள். காலையில் குளியலறைக்கு யார் முதலில் என்பதைச் செருப்புச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். இதெல்லாம் சுலபமாக வந்தது. ‘அவன் ஏன் பேச்சை நிறுத்தினான் என்றால்’ என்று மூன்றாம் பக்கத்தைத் தொடங்கினேன். அதற்கு மேல் போகவில்லை.

ஜூலை 1, சனி

வேலைக்குக் கிளம்பும்போது என் குடை வாசலில் சாய்த்து வைத்திருந்தது. உடைந்திருந்த கம்பியை நூலால் கட்டியிருந்தது. நான் கட்டவில்லை.

ஜூலை 5, புதன்

ரஹமத் போன் செய்தாள். புதுக் கதையில் பேய்க்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டாள். இருபது நிமிஷம் பேசினோம். ‘குழந்தைச்சாமி’ என்று நான் சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்க பக்கத்துல யாரும் இல்லயாக்கா? அமைதியா இருக்கே” என்றாள். டிவி ஓடவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். வெளியில் இருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

ஜூலை 9, ஞாயிறு

இரண்டாவது கூட்டம். ரஹமத் வாசித்தாள். அவள் பேய் உண்மையிலேயே குழந்தைச்சாமி ஆகியிருந்தது. என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள். முகம் சூடாகிவிட்டது.

நான் எழுதவில்லை என்று சொன்னேன். கனகசபை சார் பதிவேட்டைப் பார்த்து, “அப்ப கரு பொதுவுக்கு வருதுங்க அம்மா. யாருக்கு வேணும்?” என்றார்.

“நா எடுத்துக்கறனுங்க” என்று ஜெயசீலன் உடனே கையைத் தூக்கினார். அப்புறம் என்னைப் பார்த்து, “உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்களே?” என்றார்.

“இதுல என்ன வருத்தம்? எழுதுங்க.”

வருத்தம் இல்லைதான். பஸ் பத்தாவது வளைவு ஏறும்வரை வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு, ஏதோ பொருளைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தவள் மாதிரி கைப்பையை இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

ஜூலை 24, திங்கள்

மூன்று நாள் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி இரண்டு இருந்தது. ஒன்று முன்னறைக்குப் போயிற்று. ஒன்று எனக்கு.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இன்று ஆறு பேரும் வந்திருந்தார்கள். ஜெயசீலன் முதலில் வாசித்தார். பதினாறு பக்கம். கதை கணவன் பக்கத்தில் இருந்து போகிறது. நான் அப்படி யோசித்ததே இல்லை. அவன் தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழகுகிறான். கதவைத் திறந்து வெளியே வருகிறான். அவள் அடுப்பைப் பார்த்து நிற்கிறாள். அந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. மறுநாள் வேறு வாக்கியம். அவள் என்றோ சொன்ன ஒரு வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று அவன் காத்திருக்கிறான். கதை அப்படியே, காத்திருப்பதிலேயே முடிகிறது.

ரஹமத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா அவ என்ன சொன்னான்னு கதையில வரலியே அண்ணே?”

“அது எனக்கே தெரியலியே. ஏதோ சொல்லியிருக்கோணும். ஒரு மனுசன் சும்மாவா வாயக் கட்டிக்குவான்?”

“அவ ஒண்ணும் சொல்லல” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் இதுவரை அந்த அறையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

“கரு என்னுது. எனக்குத் தெரியும். அவ ஒண்ணும் சொல்லல. அவனாத்தான் நிறுத்துனான். அவனப் போயி நல்லவனாக்கி வெச்சிருக்கீங்க.”

ஜெயசீலன் காகிதங்களைச் சேர்த்து அடுக்கிக்கொண்டே இருந்தார். கனகசபை சார் மெல்ல, “மேசைக்கு வந்துட்டா எல்லாருக்கும் பொதுதானுங்களே அம்மா” என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். ரஹமத் படிவரை வந்து கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

தலைவலி. இரண்டு மாத்திரை.

ஆகஸ்ட் 19, சனி

டைரியிலும் பொய் எழுதினால் பிறகு எங்கேதான் உண்மையை எழுதுவது.

அவள் சொன்னாள். நான்தான் சொன்னேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் அம்மா உடுமலை பக்கம் தம்பி வீட்டில் இருந்தாள். ஒருநாள் காலை பத்தரைக்கு தம்பி, எஸ்டேட் ஃபேக்டரி ஆபீஸுக்கு போன் செய்து சொல்லியிருக்கிறான். என் வீட்டுக்காரர் அங்கே கிளார்க். என் ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம். அவர் வந்து சொன்னது சாயங்காலம் நாலு மணிக்கு. அம்மா போய்விட்டாள் என்று என்னிடம் சொல்ல அவருக்கு ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு ஃபேக்டரியில் கொச்சியில் இருந்து வந்த மேனேஜரின் இன்ஸ்பெக்‌ஷன். ஆபீஸை விட்டு வர மனசில்லாமல் செய்தியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நான் முடிவு கட்டினேன். நான் உடுமலை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சொன்னேன். “இனி உங்க வாயில இருந்து ஒரு சேதியும் எனக்கு வேண்டாம்.”

அவர் சரி என்று தலையசைத்தார். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். முதல் வாரம், வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனதும் திமிர் என்று நினைத்தேன். அதன் பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நடுவில் நின்று ‘அம்மா சொல்லச் சொன்னாங்க, அப்பா சொல்லச் சொன்னாங்க’ என்று சொல்லவும் ஆள் இல்லை.

போன வருஷம் ஓய்வு பெற்றார். அது முதல் பகல் முழுவதும் முன்னறையில்.

அதை எழுதும் முன் ஜெயசீலன் என்னைப் பார்த்ததே இரண்டு முறை. அவருக்கு எப்படித் தெரிந்தது?

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ரஹமத் வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல், பஸ் ஏறி, எஸ்டேட்டில் விசாரித்துக்கொண்டு, கையில் ஒரு டப்பா பிரியாணியோடு.

நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முன்னறையில் இருந்து அவர் குரல் கேட்டது. “வாங்கம்மா, உள்ள வாங்க. உக்காருங்க. மழையில சிரமப்பட்டிருப்பீங்களே.” அவர் பால்காரரிடம் பேசுவார், போனில் பேசுவார், ஜன்னல் வழியாக நான் கேட்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள், யாரையோ உட்காரச் சொல்லி, இவ்வளவு கனிவாக. ஈரத் துணியோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ரஹமத் வாயாடி. இரண்டு பேரையும் பார்த்துப் பேசிக்கொண்டே போனாள். அவர் அவளுக்குப் பதில் சொன்னார். நானும் சொன்னேன். தண்ணீர் எடுக்க சமையலறைக்கு வந்தவள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுவிட்டாள். ‘பால் ஒரு பாக்கெட் போதும்’ என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே ‘ப்ளம்பர் செவ்வாய் வருவார்’ என்று அவர் கையெழுத்து. படித்தாள். என்னைப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு பேய் வெச்சு எழுதத்தான் தெரியும்க்கா. ஏன்னா பேய்ன்னு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். எழுதிட்டு நிம்மதியாத் தூங்கிருவேன். எங்க வீட்டுல இருக்கறத எழுதுன்னா எனக்குக் கை வராது.”

“எனக்கும் வரலியே.”

“ஜெயசீலன் அண்ணன் எழுதுனது அவரோட கதைக்கா. உங்களுது இன்னும் அப்படியேதான் இருக்கு. யாரும் எடுத்துட்டுப் போகல.”

செப்டம்பர் 10, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. டியூட்டி என்று கனகசபை சாரிடம் சொன்னேன். டியூட்டி இல்லை. பத்தரை மணிக்கு மேசை, நாற்காலி, பத்திரிகைக் கட்டு எல்லாம் கண் முன்னால் வந்தன. வெங்காயம் ஒரு கிலோ உரித்து வைத்தேன்.

செப்டம்பர் 13, புதன்

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போன். ஜெயசீலன்.

“நேத்திக்கு முந்தாநாளு கூப்பிடோணும்னு இருந்தனுங்க. தகிரியம் வரல. நீங்க வராததுக்கு நாந்தான் காரணம்னு எல்லாரும் நெனைக்கறாங்க.”

“அப்படியெல்லாம் இல்ல.”

“அந்தக் கதை உங்களப் பத்தியோ வேற ஆரப் பத்தியோ இல்லீங்க. எங்கப்பாரு எங்கிட்டப் பேசி ஆறு வருசமாச்சு. கல்யாணத்துல ஒரு சண்டை. நா ஒரு வார்த்தை விட்டுட்டேன், சபையில வெச்சு. அவரு டெய்லி காலைல என்ன நெனைச்சுட்டு எந்திரிப்பாருன்னு யோசிச்சு யோசிச்சு எழுதுனதுங்க அது. அவரு நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது. காத்துட்டு இருக்காருன்னு நெனைச்சுக்கிட்டா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்குது. அவ்வளவுதானுங்க.”

சொட்டு மருந்துக்கு ஒருவர் காத்து நின்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினேன்.

“அவர்கிட்ட அந்தக் கதையப் படிச்சுக் காட்டினீங்களா?” என்று கேட்டேன்.

“ஐயோ. அதெப்படிங்க?” என்றார். சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். பிறகு அவர், “நீங்க எழுதுங்க. நா எடுத்த கருவை உங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டேன்னு சார்கிட்ட பதிவேட்டுல எழுதச் சொல்லிட்டேன்” என்றார்.

செப்டம்பர் 14

மூன்றாம் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ‘அவள்தான் முதலில் சொன்னாள்’ என்று தொடங்கினேன்.

செப்டம்பர் 16

நான்கு பக்கம்.

செப்டம்பர் 20, புதன்

ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணும்போது எண்ணிக்கை தப்பியது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறை. திரும்ப எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

செப்டம்பர் 28, வியாழன்

முடிந்தது. பத்தொன்பது பக்கம். ரஹமத்துக்கு போன் செய்து சொன்னேன். “கத்துங்கக்கா! சந்தோஷமாக் கத்துங்க!” என்றாள். கத்தவில்லை.

கனகசபை சாரும் பேசினார். “வாசிக்கறப்ப போன தடவை மாதிரியே சத்தம் வரோணும் அம்மா. நீங்க சாதாரணமாப் பேசறது அடுத்த நாற்காலிக்குக் கேக்க மாட்டீங்குது. வீட்டுல நாலு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பழகிட்டு வாங்க.”

அக்டோபர் 1, ஞாயிறு

காலை பத்து மணி. இட்லிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு சமையலறைக் கதவைச் சாத்தினேன். நின்றுகொண்டே வாசிக்கத் தொடங்கினேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இந்தச் சுவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். முதல் பக்கம் முணுமுணுப்பு. இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் தெளிந்தது. முன்னறையில் டிவிச் சத்தம் நின்றது. நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தினால் அதற்குமேல் எப்போதும் வாசிக்க மாட்டேன் என்று தோன்றியது. தொடர்ந்தேன்.

ஏழாம் பக்கம். “மழையில் தொப்பலாக நனைந்து அவன் மருந்து ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சட்டைக் காலரில் இருந்து நீர் சொட்டியது. ‘உங்கம்மா போயிட்டாங்க’ என்றான்.”

“அன்னைக்கு மழை இல்ல.”

கதவுக்கு அந்தப் பக்கம். நான் தாளைப் பார்த்தபடி நின்றேன். பிறகு கதவைத் திறந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இவ்வளவு நரை எப்போது வந்தது என்று நினைத்தேன்.

“மாசி மாசம்” என்றார். “மாசியில இங்க மழை ஏது?”

ஒவ்வொரு மாசியிலும் அம்மாவுக்குத் திதி கொடுக்கிறேன். ஒன்பது முறை கொடுத்திருக்கிறேன். வெயிலில் நடந்து கோயிலுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு இது தோன்றவில்லை.

“பின்ன எப்படி நனைஞ்சு வந்தீங்க?”

கேட்ட பிறகுதான், அவரிடம் பேசிவிட்டேன் என்று தெரிந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் பின்னால குழாய் இருந்துச்சில்ல. அதுல தலையக் காட்டிட்டு வந்தேன்.”

“ஏன்?”

“அழுத மூஞ்சியோட வந்து எப்படிச் சொல்றது? பதினோரு மணிக்கே வந்துட்டேன். நீ ஒரு மாசமான பொண்ணுகிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சுட்டு இருந்த. வாய் வரல. திரும்பிப் போயி குழாய்கிட்ட நின்னேன். மறுபடி வந்தேன். மறுபடியும் போயிட்டேன். மணி நாலாயிடுச்சு.”

“இன்ஸ்பெக்‌ஷன்?”

“நான் அதுக்குப் போகவே இல்ல. அதுக்குத்தான் எனக்கு மெமோ குடுத்தாங்க.”

“சொல்லவே இல்லையே.”

“எப்படிச் சொல்றது? சேதி வேண்டாம்னுட்ட.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. “பதினோரு மணிக்குச் சொல்லியிருந்தா அம்மா மூஞ்சியப் பாத்திருப்பேன்.”

“ஆமா” என்றார்.

சமாதானம் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். ஆமா என்றுவிட்டு அப்படியே நின்றார். நானும் நின்றேன். பிறகு அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மொதல்ல இருந்து படி.”

படித்தேன். வாய்விட்டு, முதல் வரியில் இருந்து. அவள் சொன்ன அந்த வாக்கியம் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். எழுதும்போது இருந்த துணிச்சல் அவர் முகத்துக்கு நேராக இல்லை. “மேல படி” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அதையும் படித்தேன்.

முடிந்ததும் இன்னும் இரண்டு திருத்தம் சொன்னார். பதினைந்தாம் நாள் வீடு திரும்பியதாக எழுதியிருக்கிறேன், அது பதினேழாம் நாளாம். சரிதான், மாற்றினேன். இன்னொன்று, ஓர் இடத்தில் ‘கல்நெஞ்சன்’ என்று வருகிறது, அதை எடுத்துவிடச் சொன்னார்.

“அது அவ அன்னைக்கு நெனைச்சது. இருக்கட்டும்” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “சரி” என்றார். எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார்.

மழையை அடித்துவிட்டேன். குழாயை எழுதினேன்.

அக்டோபர் 2, திங்கள்

காந்தி ஜெயந்தி. விடுமுறை. நாள் முழுக்க ஒரு பேச்சும் இல்லை. பழக்கம் ஒரே நாளில் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று நடந்தது கதையில் நான் எழுதிய பகுதியோ என்றுகூட ஒரு சமயம் சந்தேகம் வந்தது. தாளை எடுத்துப் பார்த்தேன். அடித்திருந்தது.

அக்டோபர் 4, புதன்

“தண்ணி சூடா இருக்கு, பாத்து ஊத்து” என்றார்.

அக்டோபர் 8, ஞாயிறு

நூலக மாடி. மேசையில் எனக்கு எதிரே ஜெயசீலன். போனதும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டோம். ரஹமத் எங்கள் இரண்டு பேருக்கும் முறுக்கு கொடுத்தாள்.

வாசித்தேன். பத்தொன்பது பக்கம், கதவருகே நின்று அவர் சொன்னதும் சேர்ந்து இப்போது இருபத்தொன்று. கீழே இருந்து நூலகர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவு சத்தம். முடித்ததும் கனகசபை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயசீலன், “எம்பட கதையில வர்ற புருசன் பதினாறு பக்கம் கண்ணாடியப் பாத்துப் பேசுனான். உங்க ஆளு ‘ஆமா’ன்னு ஒத்த வரியில முடிச்சுட்டாரு” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அடுத்த வாரம் ஊருக்குப் போலாம்னு இருக்கறனுங்க. அப்பாரப் பாக்க” என்றார்.

புதிதாக வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் கையை உயர்த்தினாள். “மேடம், இது நடந்ததா?”

எஸ்டேட்டில் யாரோ சொல்லிக் கேட்டது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“ஆமாம்மா. எனக்கு நடந்தது” என்றேன்.

ரஹமத் மேசைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்தாள். படி இறங்கும்போது கேட்டாள். “இப்பப் பேசறாராக்கா?”

“ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை. சில நாள் அதுவும் இல்ல.”

“போதுமா?”

“தெரியல ரஹமத்.”

உண்மையிலேயே தெரியவில்லை. ஒன்பது வருஷத்தை எந்தக் கணக்கில் பேசித் தீர்ப்பது? சில நாள் டிவிச் சத்தம் கேட்டால் பழைய கசப்பு அப்படியே மேலே வருகிறது. பின்னறையில்தான் படுக்கிறேன்.

அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இன்று காலை இருட்டு விலகும் முன்பே கிளம்பினேன். கதைத் தாள்கள் பையில் இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டேன். முன்னறை விளக்கு எரிந்தது. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் படி இறங்கி மூன்றடி போன பிறகு பின்னால் இருந்து சொன்னார்.

“படிச்சுட்டு வா.”